துலக்கிய ஸ்பூனுக்கு ஒரு மைப்பொட்டு

என் ஆசைத் தம்பி சேகருக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஆறு இருக்கிறதா? இருந்தால் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை கண்டால் எப்போதும் போல் கேலி செய்துகொள்.

முதலில் நல்ல செய்தி. என் பேத்தி தேன்மொழிக்கு மகன் பிறந்து தவழ்கிறான். அப்படியே உன் காது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இவனைப் போல் அழகன் இல்லை. நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது!

போன வாரம் உன் தலைத்திவசம். மறுநாள் உனக்குப் பிடித்ததை வைத்துப் படையல். ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக என்னிடம் கேட்டது மறக்குமா? "கொள்ளிடத்து விரால் வேணும்க்கா. ஸ்பூன் போட்டுப் பிடிச்சது. உன் கைக் குழம்பு." "வீட்டுக்கு வாடா, வச்சுத் தரேன்" என்றேன். நீ வரவில்லை. அந்த விரால் உன் இலைக்காவது வந்தாக வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"மார்க்கெட்ல வாங்கிடலாம் அண்ணி. அவருக்குத் தெரியவா போகுது?" என்றாள் உன் பெண்டாட்டி வசந்தா. உனக்கா தெரியாது?

நீ தேன்மொழிக்கென்று வைத்துப்போன தூண்டிலையும் டப்பாவையும் எடுத்தேன். மீனை ஏமாற்ற நீ போடும் ஸ்பூன்கள்: பித்தளையும் செம்புமாக, நடுவில் குழிந்த தகடுகள். வாலில் முள். பாதி பளபளப்பு, பாதி கறுத்துக் களிம்பேறிக் கிடந்தன. என் தம்பி சாமான் இப்படியா கிடப்பது? வெள்ளிக்கிழமை விளக்கோடு அவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு தோற்றது, போ.

படையலன்று காலையிலேயே ஆட்டோவில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். மாசி மாதம் அல்லவா, மடுவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் நிழலில் உட்கார்ந்தேன். தேன்மொழி வீசினாள். விரால் ஒன்று ஸ்பூன் பின்னாலேயே வந்தது, கரைக்கு அருகில் வந்ததும் வெடுக்கென்று திரும்பிவிட்டது. மறுபடி வீசினாள். மறுபடியும் அதே கதை.

"என்னடி, வருது, பார்க்குது, போகுது? பொண்ணு பார்க்கவா வந்திருக்கு?"

ஸ்பூனைக் கையில் எடுத்துப் பார்த்தவள் என்னை முறைத்தாள். "அம்மாச்சி, இதைத் தேச்சீங்களா?"

"ஆமா. எவ்வளவு அழுக்கு!"

"அழுக்கு இல்ல அம்மாச்சி! சேகர் தாத்தா வேணும்னே கறுக்க விட்டிருந்தாரு. கலங்கல் தண்ணின்னா மினுக்கணும், அப்பதான் மீனு கண்ணுக்குத் தெரியும். தெளிஞ்ச தண்ணில இப்படி மின்னினா மிரண்டு ஓடிடும். எத்தனை தேச்சீங்க?"

"எல்லாத்தையும்தான்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கடைசி ஆசையை நானே புளி போட்டுக் கெடுத்துவிட்டேனா, தம்பி?

மடியில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்தான். அவன் கன்னத்தில் திருஷ்டிக்கு நான் வைத்த மைப்பொட்டு. விளக்கெண்ணெய் தீபத்தில் புகை பிடித்து நானே குழைத்த மை, லேசில் அழியாது. மை டப்பா என் பையிலேயே இருந்தது.

"அந்த ஸ்பூனை இங்க கொண்டா."

இருப்பதிலேயே மெல்லிய தகட்டைக் கொடுத்தாள். ஓட்டமில்லாத மடுவுக்கு அதுதானாம், மெதுவாக ஆடி ஆடி இறங்குமாம். முதுகு முழுக்க மை தடவினேன். குழிந்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மினுக்கு விட்டேன். "இதுக்கும் கண்ணு படாது, போ" என்றேன்.

அவள் வீசி, தூண்டில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, சட்டென்று கையை நிறுத்தினாள். உன் குரல் காதில் கேட்டது: "சும்மா இழுத்துக்கிட்டே இருந்தா மீனு நம்பாதுக்கா. நடுவுல விட்டுடணும். அடிபட்ட குஞ்சு மாதிரி அது விழும்போதுதான் விரால் பாயும்." தூண்டில் நரம்பு தளர்ந்தது. தகடு தள்ளாடி விழுந்தது. அடுத்த நொடி ராடு வில்லாக வளைந்தது! நான் போட்ட கத்தலில் குழந்தை அழ, ஆட்டோக்காரர் ஓடி வர, தேன்மொழி மட்டும் பதறவில்லை. முழங்கை நீள விரால்.

மத்தியானம் உன் இலையில் நடுத்துண்டை முள் எடுத்து வைத்தேன். சின்ன வயதில் உனக்கு அப்படித்தானே ஊட்டினேன்? காக்கா வந்து முதலில் அந்த மீனைத்தான் கொத்தியது. வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியுது அண்ணி" என்றாள். உப்பு சரியாக இருந்ததா? அதை மட்டும் யாரிடம் கேட்பேன்?

இனி வெள்ளிக்கிழமைகளில் விளக்கை மட்டும்தான் துலக்குவேன். உன் ஸ்பூன்கள் தாமாகக் கறுக்கட்டும், புளிக்கையோடு கிட்டேகூடப் போகமாட்டேன். அவை கறுக்கும்வரை என்னிடம் மை இருக்கிறது, தம்பி.

உனக்கு முள் எடுத்து ஊட்டிய
உன் அக்கா ராஜாமணி