கோயில் வாசலில் பதினோரு பெயர்கள்

மார்ச் 12, புதன். தாகேதா.

எங்கள் வட்டாரத் தீயணைப்புத் தொண்டர் குழுவின் தலைவர் மாணிக்கத்துக்கு மூளை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி, பதினோரு வாலிபர்களைச் சேர்த்தேன். என் மகனும் அதில் ஒருவன். போன வாரம்தான் தண்ணீர்க் குழாயை விரிக்கவும் சுருட்டவும் பழகினார்கள். அவர்களைக் கௌரவிக்கிறாராம் இவர். திருவிழா உபயதாரர் பட்டியல் மாதிரி எல்லோருடைய பெயரையும் வயதையும் வீட்டு எண்ணையும் வெள்ளைப் பெயின்டால் பலகையில் எழுதி, காலையில் கோயில் வாசலில் மாட்டிவிட்டார். பட்டாளத்துக்குக் கட்டாயமாக வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலத்தில்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டார் பெயரை அழிக்கச் சொல்லி கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலில் வந்தது மா லெட்சுமி; பர்மிய வழக்கப்படி இங்கே பெண்களை மா என்றும் ஆண்களை கோ என்றும்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். போன கோடையில் அவள் வீடு பற்றியபோது அணைத்தது நாங்கள்தான்.

"கோ ராஜூ, எம்மவன் பேர அழிச்சிருங்க. அவன் இனிமே வரமாட்டான்."

"உங்க வீடு எரிஞ்சப்ப நாங்க வந்தோமேம்மா," என்றேன்.

"அப்ப பலகை இல்ல," என்றாள்.

மாணிக்கம் சிரித்தார். "நல்ல காரியத்துக்குப் பேரு போட்டா பயமா?"

"உங்க புள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர்ல இருக்கு. நீங்க பேசாதீங்க," என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒன்பது வீட்டார் என்று எழுதினேன். பத்தாவது நான். யாரும் வருவதற்கு முன்பே, மத்தியானம், என் மகன் பெயரைச் சுரண்டிவிட்டேன். லெட்சுமிக்கு நியாயம் சொன்னபோது அந்தப் பெயின்ட் என் நகத்தில் இருந்தது. இன்னும் போகவில்லை.