டிஸ்க் தகட்டில் நாலு சொட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா? நான் நலம். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

சைக்கிளின் முன் பிரேக் ஒரு வாரமாகக் கீச்சிட்டது. வீட்டில் மின்விசிறி முதல் கேட் வரை எது முனகினாலும் நீங்கள் எண்ணெய்தானே விடுவீர்கள்? நானும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டில் நாலு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது, சைக்கிள்தான் நிற்கவில்லை. நான் வேலை செய்யும் லாண்டரிக்கு இறங்கும் சரிவில் ஒரு செடிவேலி என்னைத் தாங்கிக்கொண்டது. உள்ளங்கையில் சிராய்ப்பு மட்டும். அம்மாவிடம் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

"பிரேக்குக்குப் போய் எண்ணெய் விடுவாங்களாம்மா? யார் சொல்லிக்கொடுத்த வித்தை இது?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நானே கண்டுபிடிச்சதுண்ணே" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"எண்ணெய் குடிச்ச பேடு இனி ஆகாது" என்று, தகட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பட்டையைப் புதிதாகத் தந்தார்.

பேடை நானே மாற்றி, தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டேன். ஆனால் பிரேக் தகட்டில் உரசாமல் நடுவில் அமர, ஹேண்டில்பாரில் லீவரை அழுத்திப் பிடித்தபடியே கீழே சக்கரத்தருகே இரண்டு ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். வீட்டில் என்றால் நான் பிடிப்பேன், நீங்கள் முடுக்குவீர்கள். சிராய்த்த கை அழுத்த மறுக்கிறது. தலைமுடி ரப்பரால் லீவரைக் கட்டிப் பார்த்தேன், இரண்டு முறையும் நழுவியது. சரியாகும்வரை வேலைக்கு முக்கால் மணி நேர நடைதான். நின்றே வேலை செய்த கால்கள் திரும்பும்போது கெஞ்சுகின்றன.

ஞாயிறு காலை வீடியோவில் வருகிறீர்களா? அதற்குள் கை ஆறிவிடும். ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். நான் முடுக்கி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்