வராதவர்களின் ஓட்டு

எக்லோ, ட்ரென்டெ
18 நவம்பர் 1971

அன்புள்ள லம்மிக்கு, ஃபென்னா எழுதுவது.

அங்கே எல்லோரும் சுகம்தானே? கனடாவில் இந்நேரம் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். எட்டு வருஷமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதே.

என் ரூலஃப் போய்விட்டார். மூன்று வாரம் ஆகிறது. மாட்டுக்கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். என் கால்கள் தாமாக உங்கள் வீட்டுக்குத்தான் ஓடின. முதல் அயல்வீடு நீங்கள்தானே; நம் ஊர் வழக்கப்படி உன் புருஷன் ஹார்ம்தானே வீடு வீடாக நடந்து சாவுச் சேதி சொல்ல வேண்டியவர். கதவைத் திறந்தது பட்டணத்திலிருந்து வந்து இப்போது அங்கே குடியிருக்கும் பெண். "ஐயோ பாவம், யாருக்காச்சும் போன் பண்ணணுமா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். அப்புறம் அச்சடித்த அட்டை தபாலில் போயிற்று. அயல்வீட்டார் தோளில் சுமக்க வேண்டிய சவப்பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கடைத்தெரு ரொட்டிக் கடையை மூடிவிட்டார்கள். உங்கள் ஓக் மரவேலி இருந்த இடத்தில் இப்போது வானம்தான் தெரிகிறது. சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது.

நிலங்களை ஒன்றாக்கித் திரும்பப் பங்கிட வேண்டுமா என்று ஓட்டெடுத்த அன்று ரூலஃப் வேண்டாம் என்று சொல்லத்தான் கோட்டு மாட்டினார். அவர் அண்ணன் பெரெண்ட் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த கமிட்டியில் இருந்தார். அண்ணன் தம்பி சபையில் மோதிக்கொள்வார்களே என்று பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தேன். வலியே இல்லை லம்மி. அவர் கோட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்திலேயே இருந்துவிட்டார். அவர் போகாமல் இருந்தால் எந்தப் பக்கமும் இல்லை என்றுதான் நினைத்தேன். வராதவர்களை எல்லாம் சம்மதம் என்று எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே ஓட்டில் திட்டம் ஜெயித்துவிட்டது. வீட்டை ஒட்டிய வயலைப் பறிகொடுத்துக் கால்வாயோரச் சதுப்பை வாங்கிக்கொண்டீர்கள்; அப்புறம் ஊரையே விட்டுப் போனீர்கள்.

மறுநாள் காலையில் நான் துணி உலர்த்தியதை நீ பார்த்தாய். ஹார்ம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வயித்துவலிக்காரி துணி காயப்போடுறா, புருஷன் அண்ணனுக்கு வால் பிடிக்கிறான்! நல்ல குடும்பம்டா!" என்று கத்தினார். ரூலஃப் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். அவருக்குப் புரிந்துவிட்டது. சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. துரோகி என்ற பெயரைத் தானே சுமந்தார். நான் சுமக்கவிட்டேன்.

ஹார்மிடம் இதைப் படித்துக் காட்டு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். ஆனால் கோபம் ஆறிய ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அங்கே ஏதாவது ஒரு வீட்டுக்கு நடந்தே போகச் சொல். தொப்பியைக் கழற்றி, "எக்லோ ரூலஃப் செத்துட்டான். நான் அவனோட முதல் அயல்வீட்டுக்காரன்" என்று சொல்லட்டும். கேட்பவர்களுக்கு நம் பேச்சு புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கர்த்தர் உங்கள் வீட்டையும் வயலையும் காக்கட்டும்.

இன்னமும் உன் அயல்வீட்டுக்காரி,
ஃபென்னா