மீஹாலுக்கு வைத்த வடை

லா சப்பல், பாரிஸ்
03.05.2025

என் அன்பான அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். உன் மனம் நோகும் என்று எதையும் மறைக்கமாட்டேன். உன்னோடு தொலைபேசியில் கதைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஓகஸ்டில் உன் கலியாணத்துக்கு அவர் வரமாட்டாராம். நீ கட்டப்போகும் மீஹால் அயர்லாந்துக்காரர் என்பதுகூட அவருக்குப் பெரிதில்லை. "அந்தக் கடற்கரையிலை போய் இருந்தாளெண்டால் பேரப்பிள்ளையள் என்னோடை ஒரு சொல்லுத் தமிழ் கதைக்காதுகள். நான் ஊமையன் மாதிரி இருக்கிறதோ?" என்று நம் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அதுகள் இன்னும் பிறக்கேல்லை" என்றார் அம்மா.

பதினேழாம் திகதி மீஹால் நேரில் வருகிறார் என்பதையும் அம்மாவே சொன்னார். அப்பா "வரட்டும்" என்றார். அது நல்ல "வரட்டும்" இல்லை, அக்கா.

உன் தங்கை,
லக்சிகா


கொனமாரா, அயர்லாந்து
09.05.2025

லக்சிக்குட்டி,

ஆஸ்பத்திரியில் தாதியர் அறையில் இருந்து வாசித்தேன். அழுகை வந்தது, அந்த "வரட்டும்" வந்த இடத்தில் சிரிப்பும் வந்தது.

இந்தக் கரையில் ஊர்ப்பெயர்ப் பலகைகள்கூட ஐரிஷ் மொழியில்தான். கடையிலும் படகுத்துறையிலும் அதுவே கேட்கும். அந்நியர் ஒருவர் வந்து நின்றால், அவருக்காக எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதுதான் இவர்களின் பயமும். இருக்க வீடு கிடைக்காமல் இளம் ஆட்கள் வெளியேறுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள். மீஹாலின் அம்மா அவரிடம் முதலில் கேட்டது, "அவளால் நம் வீட்டுக்குள் ஆங்கிலம் வந்துவிடுமா?" என்றுதான். நான் ஐரிஷ் படிக்கிறேன். என் உச்சரிப்பைத் திருத்தும்போது நோயாளிகள் தங்கள் நோவை மறந்துவிடுகிறார்கள்!

இங்கே எதைக் கொடுத்தாலும் விருந்தாளி முதலில் மறுக்க வேண்டும். உடனே வாங்குவது மரியாதையில்லை. "பாரிஸில் மறுத்தால் தட்டைத் தூக்கிவிடுவார்கள், உடனே வாங்கு" என்று மீஹாலுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கவனித்துக்கொள்.

அக்கா
சிவரஞ்சினி


லா சப்பல்
17.05.2025

அக்கா,

நீ படிப்பித்ததை அவர் வாசலிலேயே மறந்துவிட்டார்.

அம்மா வடையை நீட்டினார். மீஹால் பிரெஞ்சில் வேண்டாம் என்றார். நான் கண்ணைக் காட்டினேன். மறுபடியும் வேண்டாம் என்றார், காது சிவந்துபோய். அம்மா தட்டை எடுக்கப் போனார்.

"வையும் அதை. பெடியன் சும்மா சொல்லுறான்" என்றார் அப்பா.

மூன்றாம் தரம் வைத்ததும் தட்டு வெறுமையானது. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சத்தைச் சனம் ஒருக்கால் வேண்டாமெண்டால் வேண்டாம்தான். இவனை ஆர் வளர்த்தது?"

அக்கா, நீ பாரிஸை நினைத்தாய். நம் வீட்டிலும் முதலில் வேண்டாமென்பதுதானே மரியாதை, அதை மறந்துவிட்டாய்.

பிறகு அப்பா அந்தப் பேரப்பிள்ளைக் கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மீஹால் தன் அம்மா கேட்டதைச் சொன்னார். பிள்ளைகளோடு தான் ஐரிஷும் நீ தமிழும் கதைப்பதாக இருவரும் முடிவு செய்துவிட்டீர்களாம். அதற்கு அவர் அம்மாவும் சம்மதமாம்.

அப்பா இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தார். "அந்த மனிசிக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான். அவவோடை கதைக்க வேணும்."

"என்ன பாசையிலை?" என்றார் அம்மா. "நீங்கள் சாப்பிடச் சொல்லுவியள், அவ வேண்டாமெண்டுவா. ஒரு கிழமை போயிடும்."

அப்பா சிரித்தார், அக்கா! ஓகஸ்டுக்கு விமான டிக்கெட் பார்க்கவும் சொன்னார். முதலிலிருந்தே சம்மதம் என்று உன்னிடம் சொல்லக்கூடும், நம்பாதே.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். "கொக்காவுக்கு எழுதினது காணும், மிச்சத்தை நான் போனிலை கதைக்கிறன்" என்று சொல்லி, அப்பா இப்போது கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.

லக்சிகா