நிறம் பிடிக்க வெயிலில் போட்ட பிள்ளை

அய்யா துணை

நெய்யூர்,
கொல்லம் ஆண்டு 1129 தை 29

தம்பி நாராயணபெருமாளுக்கு அக்கா முத்துக்கனி எழுதுவது. சுகமாக இருக்கேன் என்று எழுதினால் பொய். முக்கால் காது போயிட்டு. மிச்சம் சுகம்.

இடது காது மடலில் ரெண்டு வருசமாக ஆறாமல் கிடந்த புண்ணை நீயும் பார்த்திருக்கே. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியும் இருக்கே. அய்யா கோயில் பதியில் நாம மண் வாங்கிப் பூசினேன், ஆறலை. பச்சிலை வச்சுக் கட்டினேன், அழுகிச்சு. கடைசியில் இங்கே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துட்டு டாக்டர் சொல்லுதாரு, "அம்மா, இது புற்று. வெயில் கொண்டுவந்த புற்று" என்று.

திருப்பித் திருப்பிக் கேட்டேன், தம்பி. வெயிலா? மேலே கிடக்கிற வெயிலா? எனக்குச் செய்வினை வச்சுட்டா என்று உன் பெஞ்சாதியோட பெரியம்மாகூட எத்தனை வருசமாப் பேசாமல் இருக்கேன்! இனி அவகூட பேசணுமா? பேசமாட்டேன். அவ மேல எனக்கு வேற கோபமும் உண்டு.

மத்தவங்களுக்குத் தோலுக்குள்ளேயே நிழல் இருக்காம். என்னை மாதிரி நிறம் இல்லாமல் பிறந்தவங்களுக்கு அது இல்லையாம். அதனால் வெயில் ஏறினதிலிருந்து விளக்கு வைக்கிறவரை வெளியே தலை காட்டக்கூடாது. போனால் கறுப்புக் குடை, மணிக்கட்டு வரை கை வச்ச ஜம்பர். நர்ஸ் ஜெபகனி ஒரு வெள்ளைக் களிம்பு தந்திருக்கா, துத்தநாகம் சேர்த்ததாம். அதை மூக்கிலேயும் இருக்கிற காதிலேயும் அப்பிட்டு நிக்கேன், சுண்ணாம்படிச்ச சுவர் மாதிரி. ஊரு சிரிக்கட்டும். ஊரு எப்போ சிரிக்காமல் இருந்துச்சு?

அது கிடக்கட்டும். உன் மகளை என் மகனுக்குக் கட்டி, அவ பேறுகாலத்துக்கு உன் வீட்டுக்கு வந்து, பிள்ளையும் பிறந்து மூணாம் மாசம் நடக்கு. பொன்னுலிங்கம் பீருமேட்டு எஸ்டேட்டில் கிடக்கான், லீவு இல்லை. அப்பனைப் பெத்தவ நான் இங்கண இருக்கேனே, எனக்கு ஏன் பிள்ளையைக் காட்டலை? முதலில் தெருவில் அம்மை என்றாய். அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்கோம் என்றாய். எத்தனை நாளைக்கடா வெள்ளையடிப்பே?

உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று கலியாணத்தன்னைக்கே சொன்னேன். படம் பிடிக்கிறவன் வந்தபோது "அக்கா, நீ நெல்லறைக்குள்ள இரி" என்றாயே, அதுக்காகச் சொன்னேன். மறக்கலை. ஆனால் பிள்ளையை இங்கே தூக்கிட்டு வர உனக்கு என்ன கேடு?

பதில் எழுது.

அக்கா
முத்துக்கனி


அஞ்சுகிராமம்,
18-2-1954

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உன் காது விஷயம் வாசித்து மனசு கலங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. பிள்ளை உன் நிறத்தில் பிறந்திருக்கிறாள். முடி சோளக்கதிர்க் குஞ்சம் மாதிரி. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்குகிறாள். பிறந்ததும் மருத்துவச்சி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

பங்குனி பன்னிரண்டாம் தேதி சின்னவளைப் பெண் பார்க்க ஆரல்வாய்மொழியிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். தொட்டிலில் இப்படி ஒரு பிள்ளை கிடப்பதைப் பார்த்தால், குடும்பத்தில் வெள்ளைப் பாண்டு நோய் ஓடுகிறது என்று காப்பியைத் தொடாமலே எழுந்துவிடுவார்கள். அதனால்தான் யார் கண்ணிலும் காட்டவில்லை.

நீ பயப்படாதே. மருத்துவச்சி வழி சொல்லியிருக்கிறாள். தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்து, வெயில் நன்றாக ஏறினபின் கொல்லையில் ஓலைப்பாயில் கிடத்துகிறோம். மாங்காய் வெயில் பட்டால்தானே நிறம் பிடிக்கும்? இப்போதே கன்னம் சிவந்திருக்கிறது. நம் அம்மா உன்னை அறைக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்தாள். கைப்பிள்ளையில் வெயில் காட்டியிருந்தால் நீயும் எங்களைப்போல் ஆகியிருப்பாய். அந்தப் பிழையை நான் செய்யமாட்டேன்.

உன் டாக்டர் சொன்னது முதிர்ந்த தோலுக்கு. இது பிஞ்சுத் தோல். பொன்னுலிங்கத்துக்கு இப்போது எழுதவேண்டாம். நிறம் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் தம்பி
நாராயணபெருமாள்


நெய்யூர்,
மாசி 10

ஏலே பெருமாளு,

இதை வாசிக்கும்போது பிள்ளை வெயிலில் கிடந்தால் கடுதாசியைக் கீழே போடு. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கு. தூக்கின பிறகு மிச்சத்தை வாசி.

தூக்கிட்டியா?

உன் கடுதாசியை ரெண்டாந்தரம் வாசிக்க எனக்குத் தெம்பில்லை. ஜெபகனி கையில் கொடுத்தேன். "மாங்காயா? பிள்ளையை மாங்காய் என்றா எழுதியிருக்கார்?" என்று அவ நின்ன இடத்திலேயே உக்காந்துட்டா. என் பேத்தி பிறந்திருக்கா, என்னை மாதிரியே பிறந்திருக்கா, அதைக் கேட்டு ஒரு நிமிசம் சந்தோசப்படக்கூட விடலையேடா நீ! அடுத்த வரியிலேயே கொல்லையில் கொண்டு போட்டுட்டியே!

நான் சொல்லுதது என் புத்தி இல்லை, டாக்டர் வாயால் கேட்டது. வெயில் இந்தத் தோலுக்கு நிறம் தராது. சுடும், அவ்வளவுதான். பட்ட சூடு பட்டதுதான். உள்ளே தங்கி, வருசம் கழிச்சுப் புண்ணாக வரும். எண்ணெயைத் தேய்ச்சு வெயிலில் போடுறது அப்பளம் பொரிக்கிற வேலை. உன் கடையில் இருக்கிற ஸ்னோ, பவுடர், சந்தனம் ஒண்ணையும் எடுத்துப் பூசிராதே. அது மணக்கும், மறைக்காது. மறைக்கிறது இந்தத் துத்தநாகக் களிம்புதான். அதுவும் பெரியவங்களுக்கு. கைப்பிள்ளைக்கு முதலில் நிழல், அப்புறம் துணி, களிம்பெல்லாம் அதுக்கும் பிறகு.

துணி என்றதும் மல் துணியை எடுத்துப் போத்தாதே. வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாரு. உன் விரல் தெரிஞ்சால் அந்தத் துணி வெயிலை உள்ளே விடும். நெருக்கி நெய்த துணியாப் பார்த்து எடு. குடை பிடிச்சாச்சு என்று கொல்லை மணலில் கொண்டு வைக்கவும் கூடாது. மணலில் அடிக்கிற வெளிச்சம் கீழேயிருந்து மேலே வரும்.

அம்மா அறைக்குள்ள வச்சு என்னைக் கெடுத்துட்டா என்று எழுதியிருக்கே. அதையும் டாக்டர்கிட்டே கேட்டேன். "அந்த அறைதான் உங்களை அம்பத்தெட்டு வயசு வரை கொண்டுவந்திருக்கு" என்கிறாரு. எனக்குத் தலையைச் சுத்திட்டு. அவ வெக்கப்பட்டு அடைச்சு வச்சாளா, விவரம் தெரிஞ்சு வச்சாளா? யார்கிட்டே போய்க் கேப்பேன் இனி? பத்து வயசுக்கு மேல கெஞ்சிக் கூத்தாடி வெளியே வந்து வயலுக்குப் போனேனே, அப்போ பட்டதுதான் இப்போ காதில் வந்து நிக்குதாம்.

மறு தபாலில் ஒரே ஒரு வரி எழுது. பிள்ளை உள்ளே இருக்கா என்று.

முத்துக்கனி


அஞ்சுகிராமம்,
28-2-1954

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ஏலே" போட்டு எழுதுகிற வயசா எனக்கு? கடையில் நாலு பேர் இருக்கும்போது பிரித்துவிட்டேன்.

வீட்டில் நான் அதை வாசித்துக் காட்டவில்லை. மகள் பகவதி, பிள்ளை பெற்ற உடம்புக்காரி, பயந்துவிடுவாள். என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். "மைனிக்குத் தன்னை மாதிரி ஒருத்தி இருந்தால் துணை என்று நினைப்பு. அவங்க வித்துதானே, நிறம் வரவிடுவாங்களா?" என்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன்.

பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். கன்னத்திலும் நெற்றியிலும் கொப்புளம் வந்து தோல் உரிகிறது. பாம்பு சட்டை உரிப்பதுபோல் பழைய தோல் கழன்று புதுத் தோல் வருவதற்கு அடையாளம் என்கிறாள் மருத்துவச்சி. தொட்டால் அழுகிறாள், அது வாஸ்தவம்.

நீ அனுபவித்ததை நினைத்துப் பார். உன்னைக் கட்ட யார் வந்தார்கள்? அத்தான் ரெண்டாந்தாரமாகத்தான் வந்தார். இந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதிதானா? நான் இவளுடைய தாத்தா. கெடுதல் நினைப்பேனா? பங்குனி பன்னிரண்டு வரை பொறு.

நாராயணபெருமாள்


நெய்யூர்,
மாசி 21

நாராயணபெருமாளுக்கு,

கொப்புளம் என்ற சொல்லுக்கு மேல எனக்கு வாசிக்க முடியலை. அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு வாசிச்சேன். துணை வேணுமாம் எனக்கு! உன் பெஞ்சாதிகிட்டே சொல்லு, எனக்குத் துணை வேணும் என்றால் நாய் வளர்ப்பேன்.

அது சட்டை இல்லைடா. வெந்த தோலு. உலைமூடி பட்டு உன் கை உரிஞ்சால் புதுநிறம் வருது என்று மறுபடியும் உலையில் வைப்பியா?

அத்தான் ரெண்டாந்தாரமாக வந்தார், சரி. வந்தவரு ஒருநாளும் என்னை நெல்லறையில் ஒளிச்சு வைக்கலை.

பொன்னுலிங்கத்துக்கு எழுதிட்டேன். அவன் லீவு கேட்டு வாறதுக்குள்ள பிள்ளை என்ன ஆகுமோ தெரியாது. அதனால் நானே வாறேன். வாற புதன்கிழமை முதல் வண்டி, நாகர்கோவிலில் மாறி வாறேன்.

உன் வாசலை மிதிக்கமாட்டேன், அந்தச் சொல்லுக்குக் குறைச்சல் இல்லை. உன் வீட்டோடு சேர்ந்த கடைக்கு முன்னால் ரோட்டோரம் கிடக்கிற பெஞ்சில் உக்காருவேன். காதில் கட்டியிருக்கிற துணியை அவிழ்ப்பேன். வாறவனும் போறவனும் பார்க்கட்டும். கேக்கிறவங்ககிட்டே எல்லாம், "நான் நாராயணபெருமாளுக்கு மூத்தவ, என்னை மாதிரி ஒரு பிள்ளை உள்ளே வேகுது" என்று சொல்லுவேன். ஆரல்வாய்மொழி வரைக்கும் கேக்கும்.

பெஞ்சுக்கு மேல பந்தல் இல்லை என்று தெரியும். குடையும் எடுக்கமாட்டேன். பகவதி கையில் பிள்ளையைக் கொடுத்து என்கூட அனுப்பு. அனுப்பினதும் எழுந்துருவேன். எம்புட்டு நேரம் நான் அந்த வெயிலில் இருக்கணும் என்பது உன் கையில்.

முத்துக்கனி


அஞ்சுகிராமம்,
8-3-1954

அக்கா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வராதே. சின்னவள் வாழ்க்கை இது. பிள்ளையை இப்போது பாதி நேரம்தான் வெயிலில் போடுகிறோம். பங்குனி முடிந்ததும் நானே நெய்யூருக்குத் தூக்கி வந்து உன் டாக்டரிடம் காட்டுகிறேன். அய்யா மேல் சத்தியம். புதன்கிழமை வராதே.

தம்பி


நெய்யூர்,
பங்குனி 2

தம்பி நாராயணபெருமாளுக்கு,

பகவதியும் பிள்ளையும் சேமமாக இங்கே இருக்காங்க. அதை முதலில் எழுதணும் என்று பகவதி சொன்னா.

பாதி நேரம் என்று நீ எழுதின கடுதாசி நான் வண்டி ஏறின பிறகு வந்திருக்கு. திரும்பி வந்துதான் வாசிச்சேன். முன்னாடியே வாசிச்சிருந்தால் முதல் வண்டிக்குக்கூட நின்னிருக்கமாட்டேன், நடந்தே வந்திருப்பேன்.

நான் பெஞ்சில் உக்காந்ததும் நீ என்னைப் பார்த்தே. காதுக் கட்டை அவிழ்த்ததும் கடைப் பலகையை ஒவ்வொண்ணாக எடுத்துச் சாத்தினே. ஒரு பலகை மாட்டாமல் கீழே விழுந்துச்சு. அதையும் பார்த்தேன். பத்திரகாளி மாதிரி வந்துட்டேனே, ஒரு வார்த்தை திட்டியாவது இருக்கலாம் நீ. புளி வாங்க வந்த ஒரு பொம்பளை, "யாரு பாட்டி நீங்க, ஏன் வெயிலில் இருக்கீங்க?" என்று கேட்டா. சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். உள்ளே இருந்த பகவதிக்குக் கேட்கணும் என்றுதான் சொன்னேன்.

என் மருமக அப்போதான் முதல்முதலாகக் கேட்டிருக்கா. நான் எழுதின ஒரு வரியைக்கூட நீ அவகிட்டே சொல்லலையே! அவ பக்கத்துச் சந்து வழியாப் பிள்ளையைச் சாக்கில் சுத்தித் தூக்கிட்டு ஓடிவந்தா. செருப்புக்கூட இல்லை. "அத்தே, எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று என்னைத்தான் முதலில் நிழலுக்கு இழுத்தா. உன் மகதான். உன்கிட்டே இல்லாதது எங்கேயிருந்து வந்துச்சோ அவளுக்கு.

பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.

டாக்டர் பார்த்தாரு. மேல்காயம் ஆறிரும், தழும்பு ஒண்ணு ரெண்டு நிக்கும் என்கிறாரு. உள்ளே எவ்வளவு போயிருக்கு என்று இப்போ யாராலும் சொல்லமுடியாதாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் காட்டணுமாம். வளர்ந்து பெரிய பொம்பளை ஆனாலும், தோலில் புதுசாக ஒரு பொட்டு வந்தாலும் ஆறாத புண் வந்தாலும் கொண்டுவந்து காட்டணுமாம். கண்ணுக்குக் கண்ணாடி வேணுமாம். இனி இருட்டுக்குள்ளேயே வளர்க்கணுமா என்று பகவதி அழுதா. "இருட்டு வேண்டாம்மா, நிழல் போதும். படிக்கலாம், விளையாடலாம், நேரம் பார்த்து" என்று டாக்டர் அவளைத் தேத்தினாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. இது சாபமும் இல்லை, செய்வினையும் இல்லையாம். அக்கா பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் கலியாணம் பண்ணினதால் அந்த ரெண்டு பேரு ரத்தத்திலும் ஒளிஞ்சு கிடந்தது ஒண்ணு சேர்ந்து வெளியே வந்துட்டாம். அதனால் இனி என் வித்து என்று உன் வீட்டில் யாரும் பேசவேண்டாம். பாதி உன் வித்து.

ஆரல்வாய்மொழிக்காரங்க வரட்டும், நல்லபடியா முடியட்டும். சின்னவ மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. கலியாணம் பகலில்தானே வைப்பீங்க, நாங்க ரெண்டு பேரும் வரமாட்டோம். உனக்கு அது சௌகரியம்.

உன் மேல கோபம் போச்சா என்று பகவதி கேட்டா. போகலை என்றேன். போகிற மாதிரியும் இல்லை. ஆனால் நீ பிள்ளைக்குத் தாத்தா, வந்து பார்க்க உனக்குப் பாத்தியதை உண்டு. வந்தால் விளக்கு வச்ச பிறகு வா. அதுக்கு முன்னால் கதவு திறக்காது. உனக்கு என்று இல்லை, யார் வந்து தட்டினாலும் திறக்காது.

அக்கா
முத்துக்கனி