சாவு வீட்டு வாசலில் ஒரு மோர்ப்பானை

இன்று காலை வாசலைப் பெருக்கும்போது, நேற்றுப் போன சவ ஊர்வலத்தின் சாமந்தி இதழ்களோடு சில காலிப் புட்டிகளும் துடைப்பத்தில் மாட்டின. இஞ்சி டிஞ்சர் புட்டிகள். வயிற்றுவலிக்காரன் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டிய மருந்து. பாடை தூக்கிய பையன்கள் புட்டி புட்டியாக ஊற்றிக்கொண்டு இங்கேயே வீசியிருக்கிறார்கள். ஒருவன் என் சுவரோரம் வாந்தியும் எடுத்திருந்தான். அதன்மேல் மண்ணை அள்ளிக் கொட்டும்போது உன்னை நினைத்தேன். நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் வாந்தியில் தொடங்குகிறது. அது என் குற்றமில்லை.

நேற்றுச் செத்தவர் துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். மரியாதையான மனிதர். தெருமுனையில் முன்னால் தூக்கியவன் கால் பின்னிக் கீழே விழுந்தான். பாடை சாய்ந்து அவர் கை வெளியே தொங்கியது. "இன்னா பெருசு, எங்க எறங்கப் போற?" என்று ஒருவன் பிணத்தைக் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

மதுவிலக்கு வந்து சாராயக்கடைகளை மூடியபோது கொருக்குப்பேட்டையே நிம்மதி என்றது. நீ மட்டும் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "என் தம்பி கடையிலயா மொதல்ல குட்ச்சான்? சாவு வூட்ல குட்ச்சான். அந்த வாசல எவன் மூடுவான்?"

உன் தம்பி முதன்முதலாகப் பாடைக்குத் தோள் கொடுத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பந்தலுக்குப் பின்னால் சாராயப் பானை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தவர் உன் சொந்தச் சித்தப்பா. "குட்சிக்கோ நைனா, தோள் வலி தெரியாது" என்று, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பதுபோல் கொடுத்தார். அவர் அன்பாகத்தான் கொடுத்தார். அந்த அன்பைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அதன் பிறகு உன் தம்பி காலையில் எழுந்ததும் எந்தத் தெருவில் சாவு என்று விசாரிக்க ஆரம்பித்தான். யாருக்காவது உடம்பு மோசம் என்று கேள்விப்பட்டால் அவன் முகம் மலரும். கடைகளை மூடியதும் டிஞ்சருக்குப் போனான். டிஞ்சர் கிடைக்காத நாளில் நாற்காலிக்குப் பூசும் பாலிஷைக் குடித்தான். அதில்தான் கண் போய், பிறகு உயிரும் போயிற்று.

அவனைத் தூக்க வந்த தோழர்கள் வாசலில் நின்றுகொண்டு, பானை எங்கே என்று கேட்டார்கள். "அவன தின்னதயே ஊத்தி அவன தூக்கணுமா? கெளம்புங்கடா" என்றாய். அவர்களும் வெட்கமில்லாமல் கிளம்பிவிட்டார்கள். மதியம் வரை உடம்பு கிடந்தது. நீ, நான், கடையைச் சாத்திவிட்டு வந்த மளிகைக்கடை அண்ணாச்சி. "கடை கெடக்கட்டும், நான் ஒரு பக்கம் பிடிக்கேன்" என்றார் அவர். நான்காம் முனைக்கு ஆளில்லை. உன் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். பெண்கள் தூக்கக்கூடாது என்று உன் சித்தப்பா குறுக்கே வந்தார். "ஊத்தசொல்ல எந்த சாஸ்திரம் பாத்த நீ? நவுரு" என்றார் உன் அம்மா. மூலக்கொத்தளம் சுடுகாடு வரை அவர் தோளை மாற்றவே இல்லை. வழியில் ஒருவனாவது ஓடிவந்து வாங்கிக்கொள்வான் என்று பார்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்தபடி எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நீ மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டாய். எந்த வீட்டில் அழுகை கேட்டாலும் முதல் ஆளாகப் போய் வாசலில் வைப்பாய். வீட்டுப் பெரியவரைத் தனியே கூப்பிட்டு, "உன் கையால ஒரு பையனுக்கும் ஊத்தாத, அது போதும்" என்பாய். "மோரு மாமு வந்துட்டாருடா, செத்தவனுக்குக் கருவேப்பில போட்டுகினு குடு" என்று கேலி செய்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிக்க வராது. அவர்களை அறையத் தோன்றும். ஆனாலும் சில வீடுகள் கேட்டன. அந்த வீட்டுச் சாவுகளில் தோள் கொடுத்த பையன்கள் தெளிவாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இளைஞர்களைத் திட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத, கடைப் பலகைகளைப் படித்தே எழுத்துக் கற்ற எனக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் குவளையை நீட்டுவது நம் வயதுக் கை. அந்தக் கையைப் பிடிக்காமல் எந்தச் சட்டம் போட்டு என்ன?

மார்ச்சளியில் நீ படுத்துவிட்டபோது கேட்டது ஒன்றே ஒன்று. "நான் பூட்டா என் பையன் கையில எவனும் குவளை குடுக்கக்கூடாது. நீ வாசல்ல நில்லு."

நின்றேன். உன் மைத்துனன் கொல்லைப்புறமாக டிஞ்சர்ப் பெட்டியோடு வந்துவிட்டான். நான் உள்ளே போவதற்குள் உன் மகன் கையில் குவளை. "குட்சிக்கோடா, அப்பன் போன துக்கம் தெரியாது" என்கிறான் மாமன்காரன். தட்டிவிட்டேன். அது உன் மகன் முகத்திலேயே தெறித்தது.

"எங்கப்பனுக்கு அழக்கூட வுட மாட்டியா நீ?" என்று அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"அழு. நல்லா அழு. இது வேணாம். உங்கப்பன் சொல்லிட்டுப் போன வார்த்தை."

"செத்தவன் வந்து பாக்கப் போறானா பெருசு? சொம்மா பேஜாரு பண்ணாத" என்று சொல்லிச் சிரித்தான் உன் மைத்துனன். உன்னைக் குளிப்பாட்டிய ஈரம்கூடக் காயவில்லை. பெட்டியை இழுத்து எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்தேன். முதுகில் அடி விழுந்தது. தூக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ரயில்வே கூட்ஸ் யார்டில் உன்னோடு மூட்டை தூக்கியவர்கள் வேலை முடிந்து வந்து உனக்குத் தோள் கொடுத்தார்கள். உன் மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் கலாட்டா செய்தவன் என்று உன் உறவுக்காரர்கள் இன்றும் என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கேட்க மாட்டேன். உன் பானை இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று அதோடு போன என்னை வாசலிலேயே தடுத்தார்கள். அடுத்த சாவு வீட்டுக்கும் போவேன்.

உன் மகனுக்கு யார்டிலேயே வேலை கிடைத்துவிட்டது. தினமும் என் வாசல் வழியாகத்தான் போகிறான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சம்பள நாளன்று மட்டும் நான் பொழுது சாயும்போதே வெளியில் வந்து நின்றுகொள்கிறேன். வருவான். முகத்தைத் திருப்புவான். தெருமுனை வரை கால் பின்னாமல் நேராக நடந்து போவான். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறேன்.