தீர்த்தம் என்று எழுதவில்லை

12-8-2009
நகரியிலிருந்து நைனா போன் செய்தார். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வழக்கமான கேள்வி: “சோப்பு கூடிச்சாம்மா?”

நான்கு வருட ஆராய்ச்சி அவருக்கு அவ்வளவுதான். தப்பில்லை. சோப்பு மூலக்கூறின் வாலுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று தானாகவே உருண்டையாகக் கூடும். அயனித் திரவம் என்பது சாதாரண வெப்பத்திலேயே உருகிக் கிடக்கும் உப்பு. அதில் போட்டால் வாலுக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை, தனித்தனியே நிம்மதியாக மிதக்கிறது. கொஞ்சம் போட்டாலே கூடுகிற ஒன்றை டிசம்பருக்குள் காட்டினால் ஜெர்மனியில் வேலை. இதுவரை ஒன்றும் கூடவில்லை.

26-9-2009
நாளை ஆயுத பூஜை. டிபார்ட்மெண்டில் இன்றே கொண்டாடிவிட்டோம். என் கைடு ரத்னம்மா மேடம் கருவிகளோடு என் அயனித் திரவ பாட்டிலையும் படத்துக்கு முன்னால் வைத்தார். “மூடியத் தொறந்து வை யமுனா. மூடிக்கினு இருந்தா சாமி எப்பிடி உள்ள வருவாரு?”

அந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் இவர்தான். திருமலைத் தீர்த்தம் தெளித்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

5-10-2009
கூடிவிட்டது! பூஜையில் வைத்த திரவத்தில் துளியூண்டு சோப்பு போட்டதற்கே. மின்கடத்தல் அளக்கும் மீட்டரில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேடம் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு ஜெர்மனிக்கு மெயில் போட்டார்.

7-10-2009
வரச் சொல்லிவிட்டார்கள். நைனா தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

3-11-2009
புது பாட்டிலின் சீலை உடைத்துப் போட்டுப் பார்த்தேன், கூடவில்லை. பூஜை பாட்டிலை வேக்குவத்தில் உலர்த்திப் பார்த்தேன், அதிலும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டேன் — கூடியது.

அப்ப நான் கண்டுபுடிச்சது இன்னா? தண்ணியில சோப்பு கூடும்னா? துணி தொவைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே!

4-11-2009
மேடத்திடம் சொன்னேன். மீட்டரை அணைத்தார். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு; கடைசியாகக் கிடைத்த பெருமை இது. “ஜெர்மனிக்காரனுக்கு நம்ம பூஜை இன்னா தெரியப் போவுது? விடு.”

விடலாம்தான். நைனா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அங்கே போய், அவர்கள் பாட்டிலில் கூடாவிட்டால் — எந்த சாமியைக் கூப்பிடுவது? பயமாக இருக்கிறது.

5-11-2009
மெயில் அனுப்பிவிட்டேன். கூடியதற்குக் காரணம் தண்ணீர் என்று எழுதினேன். தீர்த்தம் என்று எழுதவில்லை.

18-12-2009
பதில் வந்தது. எவ்வளவு தண்ணீரில் கூடத் தொடங்குகிறது என்பதையே அங்கு வந்து செய்யச் சொல்கிறார்கள். அழுதுவிட்டேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பாத்தியா, தொறந்து வச்சதுக்கு வந்துட்டாரு.”

மறுத்துப் பேச என்னிடம் ஆறு கிராஃப் இருந்தது. ஆறையும் ஃபைலில் வைத்தேன்.

16-10-2010, ஜெர்மனி
ஆயுத பூஜை. லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மீட்டருக்குக் குங்குமம் வைத்தேன். பாட்டிலைத் திறக்கவில்லை. தண்ணீரே இல்லாத சாம்பிளில் தொடங்கவேண்டும் என்பதால் இந்த முதல் வாரம் எதுவும் கூடவில்லை. ரிசல்ட் மிகச் சரி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நைனாவுக்குப் போன் செய்தேன். பின்னால் அதே தறிச் சத்தம்.

“சோப்பு கூடிச்சாம்மா?”

“இல்ல நைனா. இங்க கூடாம இருந்தாத்தான் சரி.”

“அது கெடக்கட்டும், நீ சோறு துன்னியா?” என்றார்.